ரிசீவர் வரை வந்து சேரும் வோல்ட்: மாதிரி ஜெட் விமானங்களின் பேட்டரித் தேர்வு

மண்ணெண்ணெயில் இயங்கும் சிறு டர்பைன் பொருத்திய ஒரு மாதிரி ஜெட், எரிபொருளோடு சேர்த்து 15 கிலோ எடை இருக்கிறது என்று கொள்வோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது அதன் இயக்க ஆற்றல் 52,000 ஜூல் அளவை எட்டுகிறது. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ, அவ்வளவு. நொடிக்கு 83 மீட்டர் கடக்கும் அந்த விமானம், கட்டுப்பாடு அறுந்த இரண்டு நொடியில் ஓடுபாதையை விட்டுப் பார்வையாளர் வரிசையைத் தாண்டிப் போய்விடும். அமெரிக்காவின் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் டர்பைன் விமானங்களுக்கு மணிக்கு 200 மைல் என்று வேக உச்சவரம்பு வைத்ததும், டர்பைன் ஓட்டத் தனி அனுமதி கேட்டதும் இதனால்தான். இந்த விமானத்தை மனிதக் கைக்குக் கட்டுப்பட வைத்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேட்டரி.

ஆகவே ஜெட் ஓட்டுபவர்கள் கூடும் இடங்களில் எல்லாம், ஃபுளோரிடாவின் லேக்லேண்ட் ஆகட்டும், ஜெர்மனியின் ஜெட்பவர் கண்காட்சி ஆகட்டும், தரையிலிருந்து வரும் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கு எந்தப் பேட்டரி என்ற விவாதம் ஓய்வதில்லை. லித்தியம் பாலிமரா, லித்தியம் அயனியா, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டா? இந்த விவாதத்தில் இரு பக்கமும் சொல்லப்படும் பல செய்திகள் உண்மையே. ஆனால் விவாதம் பேட்டரியின் வேதியியலோடு நின்றுவிடுகிறது. விமானத்தைக் காப்பது பேட்டரிக்குள் இருக்கும் மின்னழுத்தம் அல்ல. சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னோட்டத்தை இழுக்கும் அந்த மோசமான கணத்தில் ரிசீவரின் ஊசிகளில் மிஞ்சும் மின்னழுத்தம். வாங்கும்போது பார்க்கப்படுவது முன்னது. பறக்கும்போது தேவைப்படுவது பின்னது. இந்த இடைவெளியை வைத்துத்தான் இன்றைய பழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு டர்பைன் ஜெட்டில் வழக்கமாகக் குறைந்தது இரண்டு வகைப் பேட்டரிகள் உண்டு. ஒன்று எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு: ஸ்டார்ட்டரைச் சுழற்றுவதும் எரிபொருள் பம்பை ஓட்டுவதும் அதன் வேலை. அது செத்தால் டர்பைன் நிற்கும்; விமானம் சறுக்கிக்கொண்டு தரையிறங்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். மற்றொன்று ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும். அது செத்தால் எதுவும் மிஞ்சாது. சமிக்ஞை அறுந்தால் விமானத்தைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோகும் ஃபெயில்சேஃப் ஏற்பாடு இருக்கிறதே என்று பலர் தைரியம் சொல்வதுண்டு. ரிசீவருக்கு மின்சாரமே போகாதபோது சர்வோக்களை அந்த நிலைக்கு யார் நகர்த்துவது? எஞ்சின் கணினி தன் சொந்தப் பேட்டரியில் விழித்திருந்து, சமிக்ஞை வராததைக் கண்டு டர்பைனை அணைத்துவிடும். சுக்கான்கள் மட்டும் கடைசியாக நின்ற இடத்தில் உயிரற்றுக் கிடக்கும். ஒரே பேட்டரியில் இரண்டு வேலையையும் ஓட்டி எடையை மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை எந்த வாதத்தாலும் காக்க முடியாது என்று சொல்வது இதனால்தான்.

பழைய நாட்களில் நான்கு நிக்கல் காட்மியம் செல்கள், 4.8 வோல்ட் என்பதே வாய்ப்பாடு. சிறு பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்குப் போதுமாக இருந்த அந்த வாய்ப்பாடு, ஐந்து செல்லாக, 6 வோல்ட்டாக வளர்ந்து ஜெட்டுக்குள்ளும் வந்தது. ஜெர்மனியின் கர்ட் ஷ்ரெக்லிங் மரத்தாலான அமுக்கிச் சக்கரத்தை வைத்து ஒரு சிறு டர்பைனை ஓட்டிக் காட்டிய பிறகு, எஞ்சின்கள் தாவித் தாவி முன்னேறின. இன்று ஜெட்கேட் பி160 போன்ற ஓர் எஞ்சின் நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளில் சுழன்று ஏறக்குறைய 160 நியூட்டன் உந்துவிசை தருகிறது. பேட்டரிப் பழக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை. நிக்கல் காட்மியத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: கேட்ட மின்னோட்டத்தைத் தயங்காமல் கொடுக்கும். அதன் பின் வந்த நிக்கல்-ஹைட்ரைடு, அதே அளவு செல்லுக்குள் இரண்டு மடங்கு கொள்ளளவைத் திணித்தது. தரும் வேகத்தில் மட்டும் பின்தங்கியது. கொள்ளளவு கூடியதை எல்லோரும் கண்டார்கள். வேகம் குறைந்ததைப் பலர் காணவில்லை.

அந்தக் குறை நெடுநாள் மறைந்தே இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 35, 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய பழைய ரிசீவர்கள் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால் ஒரு நடுக்கத்தோடு அதைத் தாங்கி, மின்னழுத்தம் திரும்பியதும் தாமும் திரும்பிவிடும். 2000-களின் பிற்பாதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவியபோது ரிசீவருக்குள் ஒரு கணினி குடியேறியது. மின்னழுத்தம் ஏறத்தாழ 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்தக் கணினி அணைந்து, மறுபடி தொடங்கி, டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடித்த பிறகே வேலைக்கு வரும். முதல் தலைமுறையில் அதற்குச் சில நொடிகள் ஆயின. புதிய வானொலி முறை நம்பத்தகாதது என்று அன்று எழுந்த புகார்களில் பல, உண்மையில் பேட்டரிப் புகார்கள். பின்னர் ரிசீவர்கள் மிக விரைவாக மீண்டு எழும்படி மாற்றப்பட்டன. அது நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் நோயைக் குணப்படுத்தாமல் மயக்க நேரத்தை மட்டும் குறைத்த முன்னேற்றம்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். நடுத்தர ஜெட் ஒன்று 8 நிமிடம் பறந்து 400 மில்லி ஆம்பியர்-மணி செலவழித்தால், சராசரி மின்னோட்டம் வெறும் 3 ஆம்பியர். இந்தச் சராசரியைப் பார்த்துத்தான் பலர் பேட்டரி வாங்குகிறார்கள். ஆனால் ஒரு டிஜிட்டல் சர்வோ திசை மாறித் திரும்பும்போதும், காற்றின் அழுத்தத்தை எதிர்த்து நிற்கும்போதும், அதன் மோட்டார் ஒரு கணத்துக்கு முழுத் தேக்க மின்னோட்டத்தை, அதாவது தடைபட்டு நிற்கும்போது இழுக்கும் உச்ச அளவை, இழுக்கும். பெரிய சர்வோவில் இது 2 முதல் 5 ஆம்பியர் வரை. எட்டு, பத்து சர்வோக்கள் உள்ள ஜெட்டில், வேகமான உருளலின் நடுவே விமானி வால் சுக்கானையும் இழுத்தால், 10 ஆம்பியரை எளிதாகத் தாண்டும். நீடிப்பது நொடியின் சிறு பகுதிதான். ரிசீவர் அணைவதற்கு அது போதும்.

இப்போது நான்கு புதிய பென்சில் அளவு நிக்கல்-ஹைட்ரைடு செல்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் உள்மின்தடை 25 மில்லி ஓம் என்றால் நான்குக்கும் சேர்த்து 100. 10 ஆம்பியரில் பேட்டரிக்குள்ளேயே 1 வோல்ட் போய்விடும். பேட்டரியிலிருந்து ரிசீவர் வரை 30 சென்டிமீட்டர் வழக்கமான மெல்லிய சர்வோ கம்பி, அதாவது 0.33 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு. போக வர 60 சென்டிமீட்டர். அதன் மின்தடை 32 மில்லி ஓம். நடுவே ஒரு தள்ளு சுவிட்ச், இரண்டு இணைப்பான்கள் என்று சேர்த்தால் வழிநெடுகிலும் 70 மில்லி ஓம் ஆகிவிடும். அங்கே இன்னொரு 0.7 வோல்ட் போகிறது. 4.8-இல் 1.7 கழிந்தால் மிச்சம் 3.1 வோல்ட். பேட்டரி முழுவதும் சார்ஜ் ஆகியிருக்கிறது, புதியது, நல்ல நிறுவனத்தின் தயாரிப்பு. அப்படியிருந்தும் ரிசீவர் அணைந்துவிட்டது. தரைக்கு வந்து மீட்டரை வைத்துப் பார்த்தால் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பேட்டரியில் கோளாறு இல்லை என்று சான்று கிடைத்துவிடும்.

இதே கணக்கை 26650 அளவுள்ள ஏ123 நிறுவனத்தின் இரண்டு இரும்பு பாஸ்பேட் செல்களுக்குப் போடுவோம். 6.6 வோல்ட், இரண்டுக்கும் சேர்த்து உள்மின்தடை ஏறத்தாழ 20 மில்லி ஓம். பேட்டரிக்குள் இழப்பு 0.2 வோல்ட்தான். அதே மெல்லிய கம்பியில் இழப்பு, மாறாமல், 0.7. அதாவது நல்ல பேட்டரி வாங்கிய பிறகு பேட்டரியைவிட மூன்று மடங்குக்கும் மேல் மின்னழுத்தத்தைக் கம்பியும் சுவிட்சும் தின்கின்றன. கம்பியை 1.3 சதுர மில்லிமீட்டராகத் தடிமனாக்கினால் கம்பியின் பங்கு 32-இலிருந்து 8 மில்லி ஓமாகச் சுருங்கும். இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு சொற்பம். பேட்டரி வகைகளைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் கம்பியை அளந்து பார்த்திருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. வழக்கமான சர்வோ இணைப்பான் ஏறத்தாழ 3 ஆம்பியர் தொடர் மின்னோட்டத்துக்கே உகந்தது என்பதும் அதேபோல் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. விலை உயர்ந்த பேட்டரியின் கடைசி அங்குலத்தில் அந்தச் சிறு செருகி காத்திருக்கிறது.

லித்தியம் அயனி, லித்தியம் பாலிமர் இரண்டும் ஜெட் உலகத்துக்கு வந்தபோது வேறொரு சிக்கலைக் கூட்டி வந்தன. இரண்டு செல் கட்டு முழு சார்ஜில் 8.4 வோல்ட், அன்றைய சர்வோக்கள் 6 வோல்ட்டுக்கானவை. நடுவில் மின்னழுத்தத்தை இறக்கிச் சீராக்கும் ஒரு ரெகுலேட்டரை வைத்தார்கள். மின்னழுத்தம் பறப்பு முழுதும் ஒரே சீராக இருக்கும், சர்வோவின் வேகம் மாறாது என்பது இதன் பலம். துல்லியமாகப் பறப்பவர்களுக்கு அது சிறிய பலம் அல்ல. ஆனால் நேரியல் ரெகுலேட்டர் உபரி மின்னழுத்தத்தை வெப்பமாக்கித்தான் கழிக்கும். 8.4-இலிருந்து 6-க்கு இறக்கும்போது 3 ஆம்பியரில் 7.2 வாட், 10 ஆம்பியரில் 24 வாட். காற்றோட்டம் இல்லாத விமான உடலுக்குள், கோடை வெயிலில் நின்ற ஜெட்டில், இது பெரும் சூடு. அளவு மீறினால் ரெகுலேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். மேசை மேல் இருக்கும் கருவிக்கு அது நியாயமான ஏற்பாடு. வானத்தில் இருக்கும் 15 கிலோ ஜெட்டுக்கு அது தலைகீழான முன்னுரிமை: 24 வாட் சில்லைக் காப்பாற்ற விமானத்தைப் பலி கொடுப்பது. மடிக்கணினிக் கட்டுகளிலிருந்து பிரித்த, பாதுகாப்புச் சுற்று பொருத்திய லித்தியம் அயனி செல்களுக்கும் இதே குற்றச்சாட்டு பொருந்தும். மின்னோட்டம் வரம்பு மீறினால் அந்தச் சுற்று இணைப்பைத் துண்டிக்கும். ரிசீவருக்கு அத்தகைய செல்லை வைக்கவே கூடாது.

லித்தியம் பாலிமருக்கு எதிராகப் பேசப்படும் தீ அபாயம் உண்மையானது. கோபால்ட் ஆக்சைடு கலந்த நேர்முனை சூடேறினால் ஆக்சிஜனை விடுவிக்கும். தீ தனக்கான காற்றைத் தானே தயாரித்துக்கொள்ளும். மென்மையான பை வடிவச் செல், சில அங்குலம் தள்ளி மூன்று நான்கு லிட்டர் மண்ணெண்ணெய். ஆயினும் சாதாரணப் பறப்பில் இந்தத் தீ அபாயம் மிகைப்படுத்தப்படுகிறது என்றே நினைக்கிறேன். ரிசீவர் வேலைக்கு அந்தப் பேட்டரியிடம் கேட்பது அதன் திறனில் ஒரு சிறு பங்குதான். அதன் உண்மையான பலவீனம் கிடங்கில் இருக்கிறது. முழு சார்ஜில் வாரக்கணக்காகக் கிடந்தால் அது சீரழியும், வீங்கும். செல்லுக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். ஆனால் ஜெட் ஓட்டுபவர் வானிலையைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை காலை கிளம்பத் தயாராக, எல்லாவற்றையும் முந்தைய வாரமே சார்ஜ் செய்து வைப்பவர். மழை பெய்தால் அடுத்த வாரம் வரை அப்படியே கிடக்கும். பேட்டரியின் இயல்பும் மனிதரின் பழக்கமும் மோதும் இடத்தில் பழக்கமே வெல்லும்.

இரும்பு பாஸ்பேட் அந்தப் பழக்கத்துக்கு இணங்கிப் போகிறது. ஆய்வாளர்கள் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நேர்முனைப் பொருள் அறிமுகமானது. மின்கடத்தும் திறன் குறைவு என்பதே அப்போது அதன் பெரிய குறை. எம்.ஐ.டி. பேராசிரியர் யெட்-மிங் சியாங் இணை நிறுவனராக இருந்து 2001-இல் தொடங்கிய ஏ123 நிறுவனம், துகள்களை நுண்ணியதாக்கி அந்தக் குறையைக் கடந்தது. டிவால்ட் மின்கருவிகளின் 36 வோல்ட் கட்டுகளில் அந்தச் செல்கள் கடைக்கு வந்தன. மாதிரி விமானக்காரர்கள் கட்டுகளை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். 2.3 ஆம்பியர்-மணி, 70 கிராம், தொடர்ச்சியாக 70 ஆம்பியர் தரக்கூடியது. ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுக்கிப் பிடித்திருப்பதால் தீப்பற்றும் அபாயம் வெகுவாகக் குறைவு. முழு சார்ஜில் கிடந்தாலும் பெரிதாகக் கெடாது. இரண்டு செல் கட்டு 6.6 வோல்ட் என்பதால் ரெகுலேட்டரே வேண்டாம். 6 வோல்ட் சர்வோ இதைத் தாங்குமா என்று தயங்கியவர்களுக்குப் பதில் எளிது: சார்ஜரிலிருந்து எடுத்ததும் 7.2 காட்டும் இந்தக் கட்டு, சிறிது நேரத்தில் 6.7 அளவுக்கு இறங்கி நின்றுவிடும். ஐந்து செல் நிக்கல்-ஹைட்ரைடும் சார்ஜரிலிருந்து எடுத்ததும் 7 வோல்ட்டைத் தொடும். அதைத் தாங்கிய சர்வோ இதையும் தாங்கும். ஒரு பாகத்தைக் கூட்டாமல், இருந்த ரெகுலேட்டரைக் கழற்றியே பாதுகாப்பைக் கூட்டிய மாற்றம் இது. ரிசீவர் பேட்டரி வரலாற்றில் இதைவிட நல்ல முடிவு எடுக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் இதில் ஒரு பெரிய குறை உண்டு. அதன் பெரிய நிறையிலிருந்தே பிறந்த குறை. இரும்பு பாஸ்பேட்டின் மின்னழுத்தம், பயன்படும் கொள்ளளவின் பெரும்பகுதியிலும் செல்லுக்கு 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். சர்வோக்களுக்கு இது வரம். ஆனால் 90 சதவீதம் மிச்சம் இருக்கும்போதும் 30 சதவீதம் இருக்கும்போதும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். பிறகு சரிவு வரும். வந்தால் செங்குத்தாக வரும். லித்தியம் பாலிமர் 4.2-இலிருந்து 3.7 வரை மெல்லச் சரிந்து, போகப் போக எச்சரித்துக்கொண்டே வரும். ஆக, பச்சை மஞ்சள் சிவப்பு விளக்குள்ள சிறு காட்டியை இரும்பு பாஸ்பேட்டோடு மாட்டிப் பறப்பவருக்கு, கடைசி வரை பச்சையே எரியும். அந்தப் பச்சைக்கு எந்தப் பொருளும் இல்லை. இந்தப் பேட்டரியைத் தேர்ந்தவர் மின்னழுத்தத்தைப் பார்ப்பதை விட்டு, சார்ஜர் திருப்பி உள்ளே செலுத்தும் மில்லி ஆம்பியர்-மணியை எழுதிவைக்கும் ஒழுங்குக்கு மாற வேண்டும். ஒரு பறப்புக்கு எவ்வளவு செலவாகிறது என்பது சில நாளில் பிடிபட்டுவிடும். பாதிக் கொள்ளளவைத் தாண்டும் முன் சார்ஜ் செய்துவிடலாம். பேட்டரியை மாற்றிய பலர் இந்தப் பழக்கத்தை மாற்றவில்லை. பழைய கண்ணோடு புதிய பேட்டரியைப் பார்ப்பதுதான் இந்தத் தேர்வின் பலவீனமான கண்ணி.

இரும்பு பாஸ்பேட் என்று எழுதியிருக்கும் எல்லாக் கட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஏ123 நிறுவனம் 2012-இல் திவால் மனு கொடுத்து, அடுத்த ஆண்டு சீனாவின் வான்சியாங் குழுமத்தின் கைக்குப் போனது. சந்தையில் பை வடிவ இரும்பு பாஸ்பேட் கட்டுகளும் நிறைய உண்டு. உலோக உருளைச் செல்லின் உறுதியும் குறைந்த மின்தடையும் அவற்றில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேதியியலின் பெயரைப் பார்த்து வாங்குவது, ஊர்ப்பெயரைப் பார்த்து அரிசி வாங்குவது போல. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

எடையைப் பற்றிய வாதம் ஜெட்டில் பாதி செல்லாது. டர்பைன் வாலை ஒட்டி இருப்பதால், பல ஜெட்களில் ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்ய மூக்கில் ஈயம் வைக்க வேண்டியிருக்கிறது. 100 கிராம் மிச்சப்படுத்தும் பேட்டரியை வாங்கிவிட்டு 100 கிராம் ஈயத்தைப் பக்கத்தில் வைப்பதில் பொருள் இல்லை.

இனி இரட்டைப் பேட்டரி. ஜெட்டில் இரண்டு பேட்டரி வைப்பது இன்று ஏறக்குறைய மறுக்கப்படாத விதி. ஒன்று போனால் மற்றொன்று என்ற தர்க்கம் எளிமையானது. ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒருமுறை பழுதாகும் என்று வைத்தால், இரண்டும் ஒரே பறப்பில் பழுதாவது பத்து லட்சத்தில் ஒருமுறை. கேட்க இனிமையான கணக்கு. ஆனால் இது இரண்டு பழுதுகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதபோது மட்டும் செல்லும். இரண்டு பேட்டரிகளையும் ஒரே நாளில், ஒரே தொகுதியில் வாங்கி, ஒரே சார்ஜரில் ஏற்றி, ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒரே ஒட்டுப்பட்டையால் கட்டி, ஒரே ரிசீவரில் செருகினால், பொதுவான ஒரு காரணம் இரண்டையும் சேர்த்தே வீழ்த்தும். அந்தப் பொதுக் காரணத்தின் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்றாலும், மொத்த அபாயமும் பத்தாயிரத்தில் ஒன்றுதான். பத்து லட்சம் என்ற எண் எங்கோ மறைந்துபோகும். கடினமான தரையிறக்கத்தில் தட்டு கழன்று இரண்டு செருகிகளும் ஒன்றாகப் பிடுங்கப்படலாம். ஒரு சர்வோ உள்ளே குறுக்குச்சுற்றாகி இரண்டு பேட்டரிகளையும் கீழே இழுக்கலாம். பேட்டரியை இரட்டித்தவர் அந்தச் சர்வோவை இரட்டிக்கவில்லை.

இதைவிட ஆழமான குறை, ஒரு பாதி இறந்துபோனதை மறு பாதி மறைத்துவிடுவது. ஒற்றைப் பேட்டரி விமானத்தில் சுவிட்ச் கெட்டால் தரையிலேயே தெரியும், எதுவும் அசையாது. இரட்டையில் ஒரு சுவிட்சின் தொடுமுனை கெட்டால் மற்றப் பேட்டரி எல்லாவற்றையும் அசைத்துக் காட்டும். விமானி இரட்டைப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிப் பறப்பார். உண்மையில் பறப்பது ஒற்றையில். எனவே ஒவ்வொரு பறப்புக்கும் முன் ஒரு பேட்டரியை மட்டும் போட்டு எல்லா சர்வோக்களையும் வேகமாக ஆட்டிப் பார்த்து, அதை அணைத்து, மற்றதைப் போட்டு மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலைகூட இல்லை. இதைச் செய்யாதவரின் இரண்டாவது பேட்டரி மூக்கில் வைத்த ஈயத்துக்குச் சமம்.

இரண்டையும் எப்படி இணைப்பது என்பதில் இரண்டு பள்ளிகள் உண்டு. இரும்பு பாஸ்பேட் கட்டுகளைத் தனித்தனிச் சுவிட்ச் வழியாக நேரே ரிசீவரின் இரண்டு துளைகளில் செருகிவிடுவது ஒரு பள்ளி. பாகங்கள் மிகக் குறைவு. இரண்டு கம்பிகள், இரண்டு இணைப்பான்கள் என்பதால் வழி மின்தடையும் பாதியாகும். ஒரு செல் உள்ளே குறுக்குச்சுற்றானால் நல்ல பேட்டரி கெட்டதற்குள் மின்னோட்டத்தைப் பாய்ச்சித் தானும் வடியும் என்பது அதன் குறை. இரண்டாவது பள்ளி நடுவில் டையோடுகளையோ அதே வேலையைச் செய்யும் மாஸ்ஃபெட்களையோ வைத்து, ஒன்று மற்றொன்றை வடிக்காமல் தடுக்கிறது. சாதாரண சிலிக்கன் டையோடு 0.7 வோல்ட்டை விழுங்கும். ஷாட்கி டையோடு அதில் பாதியளவு. நல்ல மாஸ்ஃபெட் சுற்றில் இழப்பு மிகச் சொற்பம். ஜெர்மனியின் பவர்பாக்ஸ் போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் இதோடு தடித்த இணைப்பான்கள், இரட்டை ரெகுலேட்டர், சர்வோ மின்னோட்டம் ரிசீவர் வழியே போகாத தனிப் பாதை எல்லாவற்றையும் தருகின்றன. அவற்றின் மின்னணுச் சுவிட்ச், கழன்று விழுந்தாலும் இணைப்பிலேயே நிற்கும்படி அமைந்தது. தள்ளு சுவிட்சைவிட இது எல்லா வகையிலும் மேல். இந்தப் பெட்டிகள் மீது வைக்கப்படும் ஒரே நியாயமான குறை, பெட்டியே இப்போது ஒற்றைப் புள்ளியாகிவிடுகிறது என்பது. உள்ளே சுற்றுகளை இரட்டித்து அந்தக் குறையைக் குறைத்திருக்கிறார்கள். முழுதும் போக்க முடியாது.

மின்னழுத்தச் சரிவைத் தடுக்க ரிசீவரில் ஒரு மின்தேக்கியைச் செருகுவதும் பரவலான பழக்கம். 4,700 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, 1 வோல்ட் இறங்குவதற்குள் 5 ஆம்பியரை எவ்வளவு நேரம் தர முடியும்? ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கூர்மையான இரைச்சலை அது தணிக்கும். பலவீனமான பேட்டரியையோ மெல்லிய கம்பியையோ அதால் ஈடுகட்ட முடியாது.

விமானத்திலிருந்து அளவீடுகளைத் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரி, பேட்டரித் தேர்வுக்கு ஒரு புதிய அளவுகோலைத் தந்திருக்கிறது. ரிசீவருக்கு வந்த மின்னழுத்தம் பறப்பின்போதே விமானியின் கைக்கு வந்து சேர்கிறது. அதன் மிகக் குறைந்த மதிப்பும் பதிவாகிறது. நான் முன்பு சொன்ன கணக்குகளை ஒவ்வொருவரும் தம் விமானத்திலேயே சரிபார்க்க இதுவே வழி. அளவீடு நொடிக்குச் சில முறைதான் என்பதால் மில்லி நொடிச் சரிவுகள் தப்பிவிடும். ஆகவே பதிவில் 5.5 வோல்ட் என்று வந்தால் உண்மை அதற்கும் கீழே இருந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே படிக்க வேண்டும். ஒரே எண்ணைப் பார்ப்பதைவிட மாதங்களின் போக்கைப் பார்ப்பது பயனுள்ளது. அதே விமானம், அதே பறப்பு, குறைந்தபட்ச மின்னழுத்தம் மட்டும் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால் செல் முதுமை அடைகிறது, அல்லது ஓர் இணைப்பான் தளர்கிறது.

இன்று சர்வோக்களே 8.4 வோல்ட்டைத் தாங்கும்படி வந்துவிட்டதால் விவாதம் மறுபடி திசை மாறியிருக்கிறது. இரண்டு செல் லித்தியம் அயனியோ பாலிமரோ ரெகுலேட்டர் இல்லாமல் நேரே ஓட்டலாம். மின்கருவிகளுக்காக உருவான 18650 அளவுள்ள புதிய லித்தியம் அயனி செல்கள் பழைய மடிக்கணினிச் செல்களைப் போலச் சோம்பேறிகள் அல்ல. சோனி வடிவமைத்து இன்று முராட்டா தயாரிக்கும் வகைகள் 15 ஆம்பியர் வரை தொடர்ந்து தருகின்றன. உலோக உறை இருக்கிறது, சரியும் மின்னழுத்தம் எச்சரிக்கையும் தருகிறது. மின்னழுத்தம் கூடும்போது சர்வோவின் தேக்க மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும் என்பது இங்கே மறக்கப்படுகிறது. 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுத்த மோட்டார் 8.4-இல் 4.2 இழுக்கும். அதோடு விமானத்தை நிலைப்படுத்தும் கைரோ சேர்ந்தால், விமானி குச்சியைத் தொடாதபோதும் சர்வோக்கள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். கைரோவுக்கு முன் எழுதிவைத்த நுகர்வுக் கணக்கு செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு விமானத்துக்கு விமானம் மாறுகிறது. 6 வோல்ட் சர்வோக்கள் உள்ள 10 முதல் 15 கிலோ ஜெட்டுக்கு, 26650 இரும்பு பாஸ்பேட் கட்டு இரண்டு, தடித்த கம்பி, தனித்தனி மின்னணுச் சுவிட்ச், தனித்தனி இடத்தில் கட்டுவது, நடுவில் ரெகுலேட்டர் இல்லை. இதைவிடச் சிக்கலான ஏற்பாடு இந்த அளவு விமானத்துக்கு அதிகமாக எதையும் தரவில்லை. பன்னிரண்டு உயர் மின்னழுத்த சர்வோக்களும் கைரோவும் உள்ள பெரிய ஸ்கேல் ஜெட்டுக்கு, மின்கருவித் தரமுள்ள லித்தியம் அயனிக் கட்டு இரண்டும் ஒரு மின்பகிர்வுப் பெட்டியும். நிக்கல்-ஹைட்ரைடை, அது எவ்வளவு நல்ல தயாரிப்பானாலும், டர்பைன் விமானத்தின் ரிசீவருக்கு இனி யாரும் பரிந்துரைக்கக் கூடாது.

விற்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ரிசீவர் பேட்டரியின் மேலட்டையில் கொள்ளளவு பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்மின்தடை எங்கும் இல்லை. நல்ல சார்ஜர்கள் பல இன்று அதை அளந்து காட்டுகின்றன. அதை அச்சிட்டு விற்றால், வாங்கிய நாளின் எண்ணையும் ஓராண்டு கழித்த எண்ணையும் ஒப்பிட்டு, இருமடங்கு ஆனவுடன் பேட்டரியைக் கழற்றிவிடலாம். அதுவரை வாங்கிய அன்றே தாமே அளந்து, கட்டின் மேல் தேதியோடு எழுதி ஒட்டிக்கொள்வது ஒன்றே வழி.